துணியில் ஊற்றிய மெழுகு: கலைச்சிகிச்சை வரலாற்றில் சோழமண்டலத்துக்கு இடம் உண்டா?

இது நீண்ட பதிவு. இரண்டாகப் பிரித்து இடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். நடுவில் முறித்தால் வாதம் நிற்காது என்பதால் ஒரே மூச்சில் இடுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் ராமானுஜம் பற்றிய பத்தியையாவது படித்துவிட்டுச் செல்லுங்கள்.

சூளூர்பேட்டையிலிருந்து விடியலில் சென்னைக்குக் கிளம்பும் புறநகர் மின்வண்டியில் பல ஆண்டுகளாகப் பயணம் செய்கிறேன். தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி என்று நிலையங்கள் தமிழுக்கு மாறும் அந்த வண்டியில் இளைஞர்களின் கையில் இருப்பவை பெரும்பாலும் போட்டித் தேர்வு வழிகாட்டி நூல்கள்தாம். வங்கி, இரயில்வே, குரூப் தேர்வுகள், ஆசிரியர் தேர்வு. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ஏவுகலங்கள் விண்ணுக்குச் செல்கின்றன. தெற்கே போனால் ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைகள். இவ்விரண்டுக்கும் நடுவே முதுகலைப் பட்டத்துடன் வீட்டில் இருப்பவர் எத்தனை பேர் என்பதை ஊரார் அறிவர். ‘இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறானா?’ என்ற கேள்வியைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே தொனியில் கேட்கக் கூடியவர்கள் எங்கள் ஊரார்.

அண்மையில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்காக ‘அழுத்தம் நீக்கும் ஓவியப் பட்டறை’ நடந்தது. தெலுங்குக்கும் தமிழுக்கும் இடையே பெயர்த்துச் சொல்ல என்னை அழைத்திருந்தனர். ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் வண்ணப் பென்சில்களும் கொடுத்து, ‘உங்கள் எதிர்காலத்தை வரையுங்கள்’ என்றனர். வேதியியல் மாணவர் ஒருவர் நாற்பது நிமிடம் தாளைப் பார்த்தபடியே இருந்தார். பின்னர் அளவுகோலை எடுத்து, தாளின் நான்கு ஓரங்களிலும் நேர்த்தியாகக் கோடிட்டுத் திருப்பித் தந்தார். ஆய்வகப் பதிவேட்டின் பக்கம் போல இருந்தது அது. ‘உள்ளே போட ஒன்றும் இல்லை அண்ணா’ என்றார். பட்டறையை நடத்தியவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள்; அவர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. அந்தக் கோட்டை அவர் ஏன் போட்டார் என்ற கேள்விதான் என்னைச் சில வாரங்கள் நூலகத்தில் உட்கார வைத்தது.

கலைச்சிகிச்சையின் வரலாற்றைப் பாடநூல்கள் வழக்கமாக மருத்துவமனையிலிருந்தே தொடங்குகின்றன. ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938-இல் காசநோயால் பாதிக்கப்பட்டு மிட்ஹர்ஸ்ட் நகருக்கு அருகிலிருந்த காசநோய் நிலையத்தில் படுத்திருந்தார். பொழுது போகாமல் படுக்கையருகே கண்ட பொருள்களை வரையத் தொடங்கினார். பின்னர் உடனிருந்த நோயாளிகளையும் வரையச் செய்தார். ‘கலைச்சிகிச்சை’ என்ற தொடரை 1942-இல் உருவாக்கியவர் அவரே என்பது பொதுக்கருத்து. 1945-இல் தம் பட்டறிவை நூலாகவும் வெளியிட்டார். காசநோய் நிலையம் என்ற சூழலை நம் வட்டாரத்தார் எளிதில் மனத்தில் காணலாம்: அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியை ஒட்டி ஆரோக்கியவரத்தில் 1915 முதல் அத்தகைய நிலையம் ஒன்று இயங்கியது. மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சை என்பது நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கான காத்திருப்பு. ஹில்லின் கண்டுபிடிப்பு அந்தக் காத்திருப்பிலிருந்து பிறந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேர்வு முடிவுக்கும் பணி ஆணைக்கும் காத்திருக்கும் பட்டதாரியின் நிலையும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

ஹில்லுக்குப் பின் 1946-இல் எட்வர்ட் ஆடம்சன் சர்ரேயின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்காக ஓவியக்கூடம் நடத்தத் தொடங்கினார். அட்லாண்டிக்குக்கு அப்பால் மார்கரெட் நாம்பர்க் உளப்பகுப்பாய்வு வழியில் ஓவியத்தை நனவிலியின் மொழியாகப் படித்தார். 1938-இல் நியூயார்க் சென்றடைந்த ஈடித் கிரேமர் அதற்கு மாறாக, படைக்கும் செயலே குணமாக்குகிறது, விளக்கம் இரண்டாம் பட்சம் என்றார். கிரேமரின் ஆசிரியை ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், தெரேசின் முகாமில் அடைக்கப்பட்ட யூதக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தவர். 1944-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவர் இரண்டு பெட்டிகளில் விட்டுச் சென்ற ஏறத்தாழ 4,500 குழந்தை ஓவியங்கள் எஞ்சின. அக்குழந்தைகளில் பெரும்பாலோர் எஞ்சவில்லை. இதைச் சொல்லாமல் கலையின் குணமாக்கும் ஆற்றலைப் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

பிரிட்டனில் 1964-இலும் அமெரிக்காவில் 1969-இலும் கலைச்சிகிச்சையாளர் சங்கங்கள் அமைந்தன. தனியாளிடமிருந்து குழுவுக்கு நகர்ந்த கதையும் உண்டு: மரியன் லீப்மனின் குழுக் கலைச்சிகிச்சைக் கையேடு 1986-இலும், டயான் வாலரின் நூல் 1993-இலும் வந்தன. மாணவர்கள் ஆய்வுப் பொருளாக வந்தது அதற்கும் பின்னர்தான். 2005-இல் கரியும் காஸரும் 84 கல்லூரி மாணவர்களுக்கு முதலில் பதற்றத்தைத் தூண்டி, பிறகு மூன்று பிரிவாக வண்ணம் தீட்டச் செய்தனர். ஒரு பிரிவுக்கு மண்டல வடிவம், இன்னொன்றுக்குக் கட்டம்போட்ட வடிவம், மூன்றாவதற்கு வெற்றுத்தாள். முதலிரு பிரிவுகளில் பதற்றம் குறைந்த அளவுக்கு வெற்றுத்தாள் பிரிவில் குறையவில்லை. 2016-இல் கிரிஜா கைமாலும் உடன் ஆய்வாளர்களும் 39 பேரை 45 நிமிடம் கலைப்பொருள்களுடன் ஈடுபடுத்தி, உமிழ்நீரில் கார்டிசால் அளவைச் சோதித்தனர். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள். ஒரே அமர்வின் விளைவை அளந்தவை. அந்த 45 நிமிடத்துக்குப் பின் அவர்கள் எந்த வாழ்வுக்குத் திரும்பிச் சென்றார்கள் என்பதை அவை கேட்கவில்லை. கேட்பது அவற்றின் நோக்கமும் அன்று.

ஆனால் வெற்றுத்தாள் பற்றிய அந்த முடிவு நம் பெண்களுக்குப் புதிதன்று. புள்ளி வைக்காமல் பெருங்கோலம் போடத் தொடங்குபவர் அரிது. வரம்பு இருந்தால்தான் கை ஓடும். வேதியியல் மாணவர் தாளின் ஓரத்தில் போட்ட கோடு, அவருக்கு எவரும் தராத வரம்பைத் தானே போட்டுக்கொண்ட முயற்சி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வேலையின்மையே ஒரு வெற்றுத்தாள்தான். அதில் தவிப்பவர் கையில் இன்னொரு வெற்றுத்தாளைக் கொடுத்து எதிர்காலத்தை வரையச் சொன்னோம்.

இங்கிருந்து சென்னைக்கு வருகிறேன். நான் சொல்ல விரும்பும் வரலாறு அங்கேதான் இருக்கிறது. அது எந்தக் கலைச்சிகிச்சைப் பாடநூலிலும் என் கண்ணில் படவில்லை.

சென்னை ஓவியப் பள்ளியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர். மருத்துவர் தொடங்கினார் என்பதால் அது சிகிச்சைக்கூடம் ஆகிவிடாது. தொழிற்கலைகளைக் கற்பித்துக் கைத்தொழிலாளரை உருவாக்குவதே அதன் நோக்கம். ஆல்ஃபிரட் சாட்டர்டன் காலத்தில் அலுமினியப் பாத்திரத் தொழில்கூட அங்கே பழக்கப்பட்டது. அதாவது, அங்கு சேர்ந்தவருக்கு ‘படித்து என்ன செய்வாய்?’ என்ற கேள்விக்கு ஒருவாறு விடை இருந்தது. 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வரான பின்னர் நுண்கலை மேலெழுந்தது. மாணவர் சுதந்திரக் கலைஞராகக் கனவு காணத் தொடங்கினார். கனவின் தரம் உயர்ந்தது. கூலிக்கு உத்தரவாதம் போயிற்று. சென்னைக் கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை ராய் சௌத்ரியின் கைவண்ணம். உழைப்பின் வெற்றியை அந்த ஆசிரியர் வெண்கலத்தில் வடித்த காலத்தில், அவருடைய கல்லூரியிலிருந்து வெளிவந்த மாணவர்கள் வேலை தேடிக்கொண்டிருந்தனர் என்பது வரலாற்றின் சின்னக் குறும்பு.

1957-இல் முதல்வர் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர் இதை நேரில் அறிந்தவர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்து, தந்தை மறைவால் கல்லூரிப் படிப்பை விட்டு, குடும்பத்துக்காகத் தந்தித் துறையிலும் பின்னர் காப்பீட்டு முகவராகவும் உழைத்துவிட்டு, 1936-இல்தான் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். இருபத்தைந்து வயதில் முதலாண்டு மாணவர். காப்பீடு விற்ற கை தூரிகை பிடித்தது. ‘வேலையா, விருப்பமா’ என்ற கேள்வியில் அவருக்கு வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தவர்களில் முதன்மையானவரும் அவரே.

அவருடைய மாணவர்களுக்கு முன்னிருந்த வழிகள் சில: பள்ளி ஓவிய ஆசிரியர் பணி, விளம்பர நிறுவனம், திரைப்படப் பதாகை, நெசவாளர் சேவை மையம். கடைசியில் சொன்னதைத் தாழ்வாகக் கருத வேண்டாம். கே.எம். ஆதிமூலமும் பின்னர் டிராட்ஸ்கி மருதுவும் அம்மையத்தில் பணியாற்றியபடியே தமிழ்ச் சிற்றிதழ்களின் முகத்தை மாற்றினர். ஆயினும் இடங்கள் சில, மாணவர்கள் பலர். படம் வாங்குவோர் சென்னையில் விரல்விட்டு எண்ணத்தக்கவர். பெற்றோருக்கு என்ன விடை சொல்வது என்பது அறுபதுகளின் எழும்பூர் வளாகத்திலும் இன்றைய சூளூர்பேட்டை மின்வண்டியிலும் ஒரே கேள்விதான்.

பணிக்கரும் மாணவர்களும் கண்ட விடை பாட்டிக். துணியில் உருக்கிய மெழுகால் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, மெழுகு படாத இடம் மட்டும் நிறமேற விட்டு, பின்னர் மெழுகை நீக்கும் கைவினை. ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, ஒன்றாக உட்கார்ந்து பாட்டிக் செய்து விற்றனர். நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்குத் தந்தால் சோற்றுக்கு ஆயிற்று. எஞ்சிய பொழுதில் யாருக்கும் அஞ்சாமல் தன் ஓவியத்தை வரையலாம். இதுதான் திட்டம். விற்றுச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையோரம் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். 1966-இல் அங்கே சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையின் பரபரப்பை மறந்துவிட்டு அந்த இடத்தை எண்ணிப் பாருங்கள்: மணல், சவுக்கு, கீற்றுக் கொட்டகை, கடற்காற்று. ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், பி. கோபிநாத், எம். சேனாதிபதி, எஸ். நந்தகோபால், கே. ராமானுஜம் எனப் பலர் அங்கு வாழ்ந்தும் பணிசெய்தும் வந்தனர். அரசு மானியத்தில் எழுந்த குடியிருப்பு அல்ல அது. துணியில் ஊற்றிய மெழுகிலிருந்து எழுந்தது.

கலை வரலாற்றாளர் இதைச் சென்னை இயக்கத்தின் ஒரு கட்டமாக, மரபுக்கும் நவீனத்துக்கும் இடையிலான தேடலாக எழுதியிருக்கின்றனர். சரியே. ஆனால் உளவியல் நோக்கில் படித்தால் அதில் மூன்று கூறுகள் பின்னிக் கிடப்பது தெரியும். முதலாவது, வரம்புள்ள வேலை: மெழுகு ஆறுவதற்குள் கோடு முடிய வேண்டும், சாயத்தின் வரிசையை மாற்ற முடியாது. கரியும் காஸரும் கட்டம்போட்ட தாளில் கண்ட அமைதிக்கு இதில் இடம் உண்டு. அடுத்தது குழு. தோல்வி தனிமனிதக் குறை என்ற எண்ணம் பத்துப் பேர் ஒரே சாயத்தொட்டியின் முன் நிற்கும்போது நீடிப்பது கடினம். இவ்விரண்டையும் இன்றைய எந்தப் பட்டறையிலும் ஓரளவு தர முடியும். மூன்றாவதுதான் எங்கும் கிடைப்பதில்லை: அந்தத் துணி விலை போயிற்று. அச்சத்தின் காரணத்தையே தொட்ட கலைச்செயல் அது. ஹில்லின் ஓவியம் நுரையீரலைக் குணமாக்கவில்லை; காத்திருப்பைத் தாங்கச் செய்தது. பாட்டிக்கோ காத்திருப்பையே குறைத்தது.

இதைச் ‘சிகிச்சை’ என்று அழைக்கலாமா என்று என் நெறியாளர் கேட்டார். அவருடைய ஐயம் நியாயமானது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இல்லை, நோயறிதல் இல்லை, இலக்கு இல்லை. பணிக்கர் அச்சொல்லைப் பயன்படுத்தியதற்கான சான்றும் என்னிடம் இல்லை. எனவே நான் சிகிச்சை என்று கோரவில்லை. பணி குறித்த அழுத்தம் நோய் அன்று, சமூக நிலை என்று ஒப்புக்கொள்வோமானால், அதற்கான மாற்றின் வரலாற்றை மருத்துவமனையில் மட்டும் தேடுவது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான சான்றையும் வைத்துவிட வேண்டும். கே. ராமானுஜம். பேசுவதில் தடை உடையவர், முறையான கல்வி குறைந்தவர், உலகம் எளிதில் ஏற்காதவர். பணிக்கர் அவரது கையின் ஆற்றலைக் கண்டு கல்லூரியில் சேர்த்துக்கொண்டார். பின்னர் சோழமண்டலம் அவருக்கு வீடாயிற்று. கனவு மாளிகைகள், விசித்திர விலங்குகள், அவற்றினூடே தொப்பியணிந்து திரியும் தம் உருவம் என மைக்கோடுகளால் அவர் நிறைத்த தாள்களில் ஓர் அங்குலம்கூட வெறுமையாக இராது. சென்னை கன்னிமரா விடுதிக்காகப் பெரிய சுவரோவியமும் செய்தார். குழு இருந்தது, கலை இருந்தது, மதித்த ஆசான் இருந்தார், கைக்கு வேலை இருந்தது. 1973-இல் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

ராமானுஜத்தின் முடிவை அவரது ஓவியங்களின் அடிக்குறிப்பாக்கும் எழுத்துகள் எனக்கு உடன்பாடில்லாதவை. அவர் ஓவியர், பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் கலையும் கூட்டு வாழ்வும் எல்லாவற்றையும் தாங்கும் என்று எழுதுகிறவர் அவரைத் தாண்டிச் செல்ல முடியாது. பணி அச்சம் என்பது வேறு; ஆழ்ந்த மனத்துயர் என்பது வேறு. முன்னதற்குக் குழுவும் கைவேலையும் பெரிதும் உதவலாம். பின்னதற்கு அவற்றோடு மருத்துவமும் வேண்டும். கல்லூரிப் பட்டறைகள் இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒரே வண்ணப் பெட்டியால் தீர்க்க முனைகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர். அந்த எண்ணின் முன் நின்றுகொண்டு வண்ணப் பென்சிலைக் கேலி செய்யவும் எனக்கு மனமில்லை. அது போதும் என்று சொல்லவும் துணிவில்லை. (இதைப் படிக்கும் மாணவருக்கு ஒரு சொல்: இரவில் உறக்கம் போய், இருப்பதே சுமையாகத் தோன்றினால் பட்டறைக்குக் காத்திராதீர்கள். மருத்துவரிடம் செல்லுங்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.)

சோழமண்டலத்தின் பிற குறைகளும் உண்டு. பெண்கள் மிகச் சிலர். விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் போன்றோர் பாரிசுக்குச் சென்றுவிட்டனர். பணிக்கர் 1977-இல் மறைந்தார். கைவினையால் பிழைத்தல் என்ற தொடக்க ஏற்பாடு, ஓவியங்களே விலை போகத் தொடங்கிய பின்னர், தன் அவசரத்தை இழந்தது. இன்று அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, பார்வையாளர் வருகின்றனர். சாயத்தொட்டியின் முன் வேலை தேடும் பட்டதாரிகள் நிற்பதில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கு இணை தேடினால் திருக்காளத்தி, அதாவது ஸ்ரீகாளஹஸ்தி. திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அருகிவந்த கலம்காரியை மீட்கக் கமலாதேவி சட்டோபாத்யாயரின் முனைப்பில் ஐம்பதுகளில் அங்கே பயிற்சிக்கு வழி செய்யப்பட்டது. 2008-இல் பத்மஸ்ரீ பெற்ற ஜே. குரப்ப செட்டி அவ்வூர்க் கலைமரபின் அறியப்பட்ட முகம். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்து உலர்த்துவர். மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி நூல் சுற்றிய கலத்தை, இரும்பும் வெல்லமும் புளிக்க வைத்த கருநீரில் தொட்டுக் கோடிழுப்பர். படிகாரம், சாயம், கொதிநீர், சுவர்ணமுகி ஆற்றின் ஓடுநீர், மறுபடி வெயில். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குரிய நாள் வேண்டும். அவசரப்பட்டால் கறுப்பு ஊறிப் பரவிவிடும். காத்திருப்பையே தொழிலின் பகுதியாக ஆக்கிக்கொண்ட கலை இது. பாட்டிக்கில் மெழுகு காக்கும் இடத்தைக் கலம்காரியில் பொறுமை காக்கிறது என்று ஒப்பிட ஆசைதான். ஆனால் அதைக் குடும்பத் தொழிலாகச் செய்வோரின் கூலிக் கணக்கைப் பார்க்காமல் அப்படி எழுதுவது சொல்லழகாக மட்டுமே நிற்கும்.

அந்த வேதியியல் மாணவரிடம் கலம்காரியின் கருநீரைப் பற்றிச் சொன்னேன். இரும்பு அயனியும் கடுக்காயின் டானினும் சேர்ந்து கறுப்பாவதைத் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். அன்று அவர் நிறைத்த முதல் தாள் அதுதான். அடுத்த மாதம் அவரும் இன்னும் சிலரும் என்னுடன் காளத்திக்கு வருகின்றனர். யாருக்கும் அதனால் வேலை கிடைக்கப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறுபதுகளின் நடுவில் பாட்டிக் விற்பனையில் ஒரு மாணவருக்கு மாதம் எவ்வளவு கிடைத்தது, அது அன்றைய ஓவிய ஆசிரியர் சம்பளத்தில் எத்தனை பங்கு என்பதை அறிந்தால்தான் மேலே சொன்ன மூன்றாவது கூறு நிற்குமா, விழுமா என்பது தெரியும். ஓவியர் கைவினைச் சங்கத்தின் கணக்கேடுகள், விற்பனைச் சீட்டுகள், வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எவருடைய குடும்பத்திலாவது இருந்தால், படியெடுத்துக்கொள்ள இசைவு தாருங்கள். பழைய பாட்டிக் துணி இருந்தாலும் சொல்லுங்கள். ஓரத்தில் விலை குறித்த சீட்டு ஒட்டியிருந்தால் அதைப் பிரித்துவிடாதீர்கள்.